வகுப்புக்குப் பாடு பிரித்த கதை

கண்ணு,

உன் கடிதம் நேற்று மத்தியானத் தோணியில் வந்து சேர்ந்தது. வேலையில் சேர்ந்துவிட்டாய், அறை கிடைத்துவிட்டது, ஓட்டலில் சாம்பாருக்கு வெல்லம் போடுகிறார்கள் என்பதையெல்லாம் உன் நைனாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சாம்பார் விஷயத்தில் அவர் நிஜமாகவே கவலைப்பட்டார். கடைசிப் பக்கத்தை மட்டும் நான் அவருக்குப் படிக்கவில்லை. அதில்தான் நீ உன் பொறுப்புக்கு வந்திருக்கிற மலையடிவாரப் படிப்பு மையத்தைப் பற்றி எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பாதிப் பேர் இல்லை, ஒருவர் பெயரைக் கூப்பிட்டால் வேறொருவர் எழுந்து நிற்கிறார், ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார்கள், இந்த மையத்தை மூடிவிடலாம் என்று அறிக்கை எழுதப் போகிறேன் என்று. படித்ததும் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் பயம் வந்தது. அந்தப் பக்கத்தை உன் நைனாவுக்கு ஏன் படிக்கவில்லை என்பது இந்தக் கடிதம் போகப் போக உனக்கே தெரியும்.

நான் பட்டம் வாங்கிய கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். தெரியாது. அப்போது நீ பொன்னேரியில் உன் மாமா வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வரும்போது, கருவாடு காயும் பாய்க்குப் பக்கத்தில் நான் காக்கி உறையைப் பிரித்து எதையோ படிப்பதைப் பார்த்திருப்பாய். அதுதான் என் கல்லூரி. மெட்ராசிலிருந்து பாடக்கட்டு தபாலில் வரும். தபால்காரர் பழவேற்காட்டில் தோணிக்காரரிடம் கொடுப்பார், தோணிக்காரர் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு வருவார். நனைந்து வந்த தாள்களை வலை காயப்போடும் கயிற்றில் தொங்கவிட்டு உலர்த்துவேன். படித்துவிட்டு, கேட்ட கேள்விகளுக்கு விடை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். ஞாயிறுதோறும் பழவேற்காட்டு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் நேர்முக வகுப்பு. அதற்குத்தான் படிப்பு மையம் என்று பெயர். வருஷக் கடைசியில் பொன்னேரியில் பரீட்சை. மையத்துக்குப் பொறுப்பு ரஹ்மத்துல்லா சார். பழவேற்காட்டுக்காரர், கணக்கு வாத்தியார். கல்லூரி கேட்டுக்கொண்டதற்காக, ஒரு நல்ல மனிதர் எவ்வளவு பதற்றப்பட முடியுமோ அவ்வளவு பதற்றத்தோடு எங்களுக்குச் சரித்திரம் நடத்தினார்.

நான் சேர்ந்தது படிப்பு ஆசையில். பி.யூ.சி. முடித்த கையோடு கல்யாணமாகி லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்தவள், படிப்பை எங்கோ பாதியில் விட்டுவிட்டு வந்தோமே என்று தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் குப்பத்து ஆண்கள் சேர்ந்த காரணம் வேறு. சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கினால் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற இடத்தில் வேலை கொடுக்கிறார்கள் என்று யாரோ ஒரு இறால் வியாபாரி சொல்லிவிட்டுப் போயிருந்தான். ராக்கெட்டுக்கும் பாபருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பள்ளியிறுதி தாண்டியவர்கள் அத்தனை பேரும் விண்ணப்பம் போட்டார்கள். பழவேற்காட்டு ஊருக்குள் இருந்து சேர்ந்த கடைக்காரப் பிள்ளைகளுக்கு வாசலில் பஸ் இருந்தது. அவர்கள் சீக்கிரமே பொன்னேரி மையத்துக்கு மாறிக்கொண்டார்கள். மிஞ்சியது குப்பத்து ஆட்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க, வாய்ப்பாடு எழுதிய சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து மொகலாய சாம்ராஜ்யத்தைத் தெரிந்துகொண்டோம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்பது நமக்கு என்ன நாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெட்ராஸ் முழுக்க மீன் தின்கிற நாள். விடியற்காலை ஐஸ் பெட்டியோடு வியாபாரிகள் வந்து நின்றுவிடுவார்கள். அன்றைக்குப் பார்த்து கரையில் இல்லாமல் வகுப்பில் இருக்கச் சொன்னால் எந்த ஆண்பிள்ளை இருப்பான்? முதல் மாதம் வகுப்பு நிறைந்தது. அடுத்த மாதம் நானும் ஏழுமலையும். அதற்கடுத்த மாதம் நான் மட்டும். ரஹ்மத்துல்லா சார் தனியாக ஒரு பெண்பிள்ளைக்குப் பாடம் நடத்தக் கூச்சப்பட்டு, வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார். வாட்ச்மேனுக்குப் பாபரைப் பிடித்துப்போனதுதான் அதில் கிடைத்த லாபம். அப்புறம் கல்லூரியிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஆள் வராவிட்டால் மையத்தைப் பொன்னேரியோடு சேர்த்துவிடுவோம் என்று. பொன்னேரி என்றால் எனக்குப் படிப்பு முடிந்தது என்று அர்த்தம். ஏரியைத் தாண்டினால் பள்ளிக்கூடம், பொழுதோடு திரும்பிவிடுவாள் என்பதால்தான் நம் வீட்டில் ஒத்துக்கொண்டிருந்தார்கள். பொன்னேரி பஸ் திரும்புவதற்குள் கடைசித் தோணி போய்விடும்.

உன் நைனாவிடம் அழுதேன். அவர் விஷயத்தை ஊர்க் கூட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். கூட்டத்துக்குத் தலைவர் நம் மாசிலாமணி பெரியப்பா. பெரியப்பாவுக்கு உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் ஒரே வழிதான் தெரியும், பாடு. ஏரியில் நல்ல இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது அல்லவா, அதற்காக இன்றைக்கு இன்னார் முறை, நாளைக்கு இன்னார் முறை என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறோமே, அதே மாதிரி வகுப்பையும் பிரித்துவிடலாம் என்றார். ஒரு ஞாயிறு ஒருவர் போவார். மற்றவர்கள் மீன் பிடிப்பார்கள். போகிறவர் எல்லோருக்காகவும் போகிறார் என்று கணக்கு. எல்லோருக்கும் பிடித்துப்போனது. அப்போதே சீட்டுப் போட்டார்கள். பானிபட் போர் ஏழுமலைக்கு விழுந்தது. சிவாஜி மகாராஜா காசிக்கு. அக்பர் நம் வீட்டுக்கு.

நம் வீட்டுக்கு என்றால் எனக்கு என்று நினைத்துவிடாதே. பாடு கல்யாணமான ஆண்களுக்குத்தான். பெண்பிள்ளைக்குப் பாடு என்று எந்தக் காலத்தில் இருந்தது? கல்லூரியில் சேர்ந்திருப்பது நான், ஆனால் முறை வருவது உன் நைனாவின் பெயரில். அதனால் வகுப்புக்கு அவர் போவார் என்று கூட்டத்தில் முடிவானது. அவர் ஐந்தாம் வகுப்பு. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்புப் போடவில்லை. அதை யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை.

அக்பர் ஞாயிறு வந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி உன் நைனா தோணி ஏறினார். சாயந்திரம் திரும்பியதும் நான் பேனாவோடு உட்கார்ந்தேன். என்ன நடத்தினார்கள் என்று கேட்டேன்.

"அக்பர்னு ஒருத்தரு. நல்ல மனுசன்."

"அப்புறம்?"

"படிக்கத் தெரியாதாம். ஆனா இன்னா பெரிய ராஜ்ஜியம் தெரியுமா?"

வேறு எதுவும் அவருக்கு நினைவில்லை. இந்த ஒரு சேதியை மட்டும் மறுநாளிலிருந்து ஏரியில் எதிர்ப்பட்ட தோணிக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். பசியாவரம் குப்பம் வரைக்கும் அக்பருக்குப் படிக்கத் தெரியாது என்பது பரவிவிட்டது. நான் பேனாவை மூடிவைத்துவிட்டு, வந்திருந்த பாடக்கட்டை முதல் தாளிலிருந்து நானே படிக்க ஆரம்பித்தேன்.

இனி உன் கதைக்கு வருகிறேன். ஒரு ஞாயிறு, முன்னறிவிப்பு இல்லாமல், கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை அம்மாள் மையத்தைப் பார்வையிட வந்துவிட்டார். கண்ணாடி, கறுப்புக் கைப்பை, சிரிக்காத முகம். நீயும் இப்போது அப்படித்தான் போவாய் என்று நினைக்கிறேன். அன்றைக்கு நம் வீட்டு முறை. நான் எழுதி முடித்த விடைத்தாள்களைச் சாரிடம் கொடுப்பதற்காக உன் நைனாவோடு அதே தோணியில் வந்து, முறை இல்லாதவள் என்பதால் வகுப்புக்கு வெளியே வாசலில் நின்றிருந்தேன். ஏழுமலையும் வந்திருந்தான். பழைய எஞ்சின் ஒன்று வாங்கப் பழவேற்காட்டுக்கு வந்தவன், வெயிலுக்கு ஒதுங்கினான். இவ்வளவுதான் கூட்டம். சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டார். என் பெயர் வந்தது. உன் நைனா எழுந்து, பெஞ்சில் முழங்கால் இடித்துக்கொண்டு, கணீரென்று "உள்ளேன் ஐயா" என்றார்.

அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது உங்க பேரா?"

"எம் பொண்டாட்டி பேரும்மா. பாடு எம்பேர்ல கீது. அதான் நான் வந்துகீறேன்."

"உங்க மனைவி எங்கே?"

"தோ, வாசல்ல நிக்குதே."

"வாசல் வரைக்கும் வந்தவங்க ஏன் உள்ளே வரலை?"

"அதுக்கு மொறை இல்லம்மா" என்றார் உன் நைனா, இதுகூடத் தெரியாதா என்கிற பரிவோடு.

அந்த அம்மாள் ஏழுமலை பக்கம் திரும்பி, சிவாஜியின் ஆட்சியைப் பற்றிச் சொல்லச் சொன்னார். சிவாஜி காசியின் பங்கு, அடுத்தவன் பங்கில் தான் கை வைப்பது தர்மம் இல்லை என்றான் ஏழுமலை. காசி எங்கே என்று கேட்டார். ஏரியில் என்றான். எப்போது வருவார்? காற்றைப் பொறுத்து என்றான். இதில் ஒரு வார்த்தைகூட அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. ரஹ்மத்துல்லா சார் கைக்குட்டையைப் பிழிந்தார். கடைசியில் உன் நைனாவிடமே, உங்கள் பங்கு எது என்று கேட்டார் அந்த அம்மாள். அக்பர் என்று நிமிர்ந்து நின்றார். சரி, அக்பரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

"அவருக்குப் படிக்கத் தெரியாதும்மா."

"அவ்வளவுதானா?"

"அன்னைக்கு நம்ம வாத்தியாருக்கு ஜலதோசம்மா. மீதி காதுல வுழல."

"அப்ப பரீட்சையும் முறை வச்சுத்தான் எழுதுவீங்களா?"

உன் நைனா உண்மையையே சொன்னார். "அது இன்னும் கூட்டத்துல பேசலம்மா."

அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. உள்ளே போய், நான்தாங்க அது என்று என் விடைத்தாள்களை மேசையில் வைத்தேன். அந்த அம்மாள் புரட்டிப் பார்த்தார். நடுவில் ஒரு தடவை மூக்கைச் சுளித்தார், கருவாட்டு வாடை. ஆனால் புரட்டுவதை நிறுத்தவில்லை. வெகுநேரம் படித்துவிட்டு, இதை எழுதியது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், நமக்கு நாலு வரி எழுத வராதும்மா என்று உன் நைனா முந்திக்கொண்டு சாட்சி சொன்னார். அந்த அம்மாள் பதிவேட்டை மூடினார். மூடச் சொல்லி எழுதுவதற்குத்தான் வந்தேன், எழுதியிருப்பேன், ஆனால் உங்கள் ஊர் எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது, புரியாததை எழுதுவது எனக்கு வழக்கமில்லை என்றார். இரண்டு நிபந்தனை விதித்தார். இனி பெயருக்கு உரியவர்தான் வகுப்பில் உட்கார வேண்டும். இந்த வருஷப் பரீட்சையில் இந்த மையத்திலிருந்து ஒருவராவது தேறியாக வேண்டும். இல்லாவிட்டால் மையம் பொன்னேரிக்குப் போகும்.

மறுபடியும் ஊர்க் கூட்டம். பெயருக்கு உரியவள் நான், பாடு முறைக்கு உரியவர் உன் நைனா, இதை எப்படி அவிழ்ப்பது என்று வெகுநேரம் பேச்சு. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைக்குப் பாடு கொடுத்தால் நாளைக்கு ஏரியில் கேட்பார்கள் என்று பெரியப்பா அஞ்சினார். உன் நைனா கூட்டத்தில் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார். "நம்ம பாடு அன்னைக்கு வலை இழுக்க நாம யாரை வேணா தோணில இட்டுனு போறமா இல்லியா?" போகிறோம் என்றார்கள். "அப்ப எம்மொறைக்கு நான் போறேன். அது எங்கூட வர்ற ஆளு." கூட்டம் ஒத்துக்கொண்டது. அதோடு, வகுப்புக்கு நாங்களே போய்க்கொண்டிருந்தால் மற்றவர்கள் எல்லா ஞாயிறும் ஏரியில் இருக்கலாம் என்று கண்டு, எங்கள் முறையை வாராவாரம் என்று ஆக்கிக்கொடுத்துவிட்டார்கள். ஆக, அந்த வருஷம் முழுக்க ஞாயிற்று மீனை விட்டுவிட்டு உன் நைனா எனக்குப் பக்கத்தில் அந்தக் குட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்காராவிட்டால் எனக்கு உள்ளே இடம் இல்லை. பெரும்பாலும் தூங்கினார். சாரும் அவரை எழுப்புவதில்லை. ஔரங்கசீப்பின் போர்கள் வருகிற இடங்களில் மட்டும், உன் நைனாவின் தூக்கம் கலையாதபடி குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார். நாளைக்கு உனக்கு ஒரு பெண் பார்க்கும்போது நிறம், நகை என்று யார் யாரோ உன்னிடம் பேசுவார்கள். உன் பக்கத்தில், உன் காரியத்துக்காக, தனக்குப் புரியாத இடத்தில் உட்கார்ந்து தூங்கக்கூடியவளா என்று மட்டும் நீ பார். அவளுக்காக நீயும் தூங்குவாயா என்று அதற்கு முன்னால் பார்த்துக்கொள்.

பரீட்சைக்கு எல்லோரும் ஒரே பஸ்ஸில் பொன்னேரி போனோம். கேள்வித்தாளை வாங்கி, முதலில் கடைசிவரை ஒரு தடவை படித்தேன். நான் தோற்றால் நான் மட்டும் தோற்பதாக இல்லை, மையமும் போய்விடும். சிவாஜி வந்திருந்தது, பானிபட் வந்திருந்தது, அக்பர் வரவில்லை. தெரிந்ததையெல்லாம் எழுதினேன். பாதி நேரம்கூட ஆகவில்லை, ஏழுமலை எழுந்து தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் காசி. ஒருவர் பின் ஒருவராக நம் ஆட்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள். முடித்து வெளியே வந்து, ஏனப்பா என்று ஏழுமலையைக் கேட்டேன். பானிபட்டை மட்டும் அழகாக எழுதியிருக்கிறான். மற்றதை?

"காசி பங்குல கை வச்சிட்டு நாளைக்கு அவன் மூஞ்சில எப்படி அண்ணி முழிக்கிறது?"

காசி பக்கத்திலேயே நின்று, அதுதானே நியாயம் என்பதுபோலத் தலையாட்டினான்.

உன் மலையடிவாரத்துக்காரர்களுக்குப் பாடு இருக்காது. வேறு ஏதாவது இருக்கும். புளி உலுக்குகிற பருவமோ, சந்தை நாளோ, அக்கா படித்து வந்து தம்பிக்குச் சொல்கிற வழக்கமோ, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அவர்கள் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அது உன்னைக் கேலி செய்வதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதிகாரி கேள்வி கேட்கும்போது பதில் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டாலும் மனிதர்கள் சிரிப்பார்கள். கறுப்புப் பையை அறையில் வைத்துவிட்டு இன்னொரு தடவை போ. வகுப்பு இல்லாத நாளில் போ. பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்றவரோடு ஒரு டீ குடித்துவிட்டு, பெயருக்கு உரியவர் இந்த நேரத்தில் எங்கே, என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேள். அதற்கப்புறமும் மூடத்தான் வேண்டும் என்று தோன்றினால் எழுது. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

முடிவு வந்த அன்று ரஹ்மத்துல்லா சார் சொல்லி அனுப்பாமல் அவரே தோணி பிடித்து வந்தார். தண்ணீர் என்றால் பயம் அவருக்கு, கரை வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை என்று தோணிக்காரர் சொன்னார். வேட்டி நனைய இறங்கி, மணலில் நின்றபடியே சொன்னார். மையத்தில் தேறியது ஒருவர்தான். நான்தான். மையம் மூடவில்லை. நான் கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் உட்கார்ந்துவிட்டேன். உன் நைனா சாருக்கு உடுத்திக்கொள்ளத் தன் உலர்ந்த லுங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். தோற்ற ஆண்கள் எல்லோரும் வலையை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். வருத்தத்தைவிட அவர்களுக்கு ஆச்சரியம்தான் அதிகம். சீட்டுப் போட்டு நியாயமாகப் பிரித்தும் எப்படித் தவறிப்போனது என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டார்கள். மாசிலாமணி பெரியப்பா பீடியை அணைத்துவிட்டு, என்னை ஒரு தடவை பார்த்தார், அவர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"அடுத்த வருசத்துலேர்ந்து பொம்பளைங்களுக்கும் ஒரு பங்கு பிரிச்சுக் குடுத்துடுங்கடா. பங்கு இல்லாம வுட்டா மொத்தத்தையும் படிச்சிடுதுங்க."

அம்மா